புது பேட்டரியை வாங்கிக்கொண்டால் காயத்துக்கான இழப்பீடு கேட்க முடியாதா?

கேள்வி: என் கணவர் பெயரில் வாங்கிய மின்சார ஸ்கூட்டரில் நான்தான் தினமும் பள்ளிக்குச் சென்று வந்தேன். சென்ற ஆண்டு ஒருநாள் இரவு பேட்டரியைக் கழற்றி, வீட்டு முன்னறையில் சார்ஜ் போட்டிருந்தோம். அதிகாலையில் பிளக்கை எடுக்கப் போனபோது பேட்டரியிலிருந்து புகை கிளம்பி, சில நொடிகளில் வெடித்துத் தீப்பிடித்தது. என் வலது உள்ளங்கையும் முன்கையும் வெந்துபோயின. தோல் ஒட்டு அறுவை சிகிச்சை செய்தும் விரல்களை முழுதாக மடக்க முடியவில்லை. கரும்பலகையில் எழுதச் சிரமப்படுகிறேன். மூன்றாம் நாள் நிறுவனத்து ஆட்கள் வந்து, எரிந்த பேட்டரியை ஆய்வுக்கு என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டு மட்டும் கொடுத்து எடுத்துப் போனார்கள். சார்ஜர் எங்களிடம் இருக்கிறது. சில மாதங்கள் கழித்து, அதே மாடலில் குறிப்பிட்ட பேட்ச் வண்டிகளை முன்னெச்சரிக்கையாகத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். எங்கள் வண்டியும் அதில் வருகிறது. இப்போது இலவசமாகப் புது பேட்டரி தருகிறோம், படிவத்தில் கையெழுத்திடுங்கள் என்கிறார்கள். ரீகால் செய்ததே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சமம், வழக்கு தானாக ஜெயிக்கும் என்கிறார் என் அண்ணன். ரீகாலை ஏற்றுக்கொண்டால் பிறகு வழக்கே போட முடியாது என்கிறார் மைத்துனர். விபத்து நடந்து 14 மாதங்கள் ஆகின்றன. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

— ஓர் ஆசிரியை, திருப்பூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கை இன்னும் முழுதாகக் குணமாகவில்லை என்பதைப் படித்து வருந்தினேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் படிவத்தில் இப்போது இருக்கிற வடிவில் கையெழுத்திடாதீர்கள். அண்ணன் சொல்வதும் மைத்துனர் சொல்வதும் சட்டப்படி சரியல்ல. நிறுவனம் வண்டியைத் திரும்பப் பெறுவதால் உங்கள் வழக்கு தானாக வெல்லாது. நீங்கள் புது பேட்டரி வாங்கிக்கொள்வதால் உங்கள் உரிமை தானாகப் போய்விடவும் செய்யாது. ஆனால் படிவத்தில் எழுதியிருக்கும் ஒரு வரியால் அந்த உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்துவிட முடியும். நான் அஞ்சுவது அதைத்தான்.

வாகனங்களைத் திரும்பப் பெறுவதற்கென்றே மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 110அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. குறையுள்ள வாகனத்தைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். அப்படி உத்தரவிட்டால், தயாரிப்பாளர் வாகனத்தின் முழு விலையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது மாற்று வாகனம் தர வேண்டும், அல்லது பழுது நீக்கித் தர வேண்டும். அபராதமும் கட்ட வேண்டும். குறையைத் தயாரிப்பாளரே கண்டுபிடித்து அரசுக்குத் தெரிவித்துத் தாமாக முன்வந்து திரும்பப் பெற்றால் அபராதம் கிடையாது. இந்தப் பிரிவை எத்தனை முறை படித்தாலும், காயம்பட்டவருக்கு என்ன தர வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இருக்காது. வண்டியைச் சரிசெய்வதும் இன்னொருவர் எரிந்துபோகாமல் தடுப்பதுமே அதன் வேலை. உங்கள் மருத்துவச் செலவு, வலி, மடங்காத விரல்கள் ஆகியவற்றுக்கான வழி வேறு சட்டத்தில் இருக்கிறது. குக்கர் விஷயத்திலும் இதே நிலையைத்தான் காணலாம். தரக்கட்டுப்பாட்டு ஆணைக்கு இணங்காத 2,265 பிரஷர் குக்கர்களைத் திரும்பப் பெறும்படி 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓர் இணைய விற்பனைத் தளத்துக்கு உத்தரவிட்டபோது, வாங்கியவர்களுக்கு விலையைத் திருப்பித் தரவும் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் கட்டவும் சொன்னது. குக்கர் வெடித்து முகம் வெந்தவர் ஒருவர் இருந்திருந்தால், அவர் தனியாகத்தான் இழப்பீடு கேட்டிருக்க வேண்டும்.

உங்களுக்கு உதவும் சட்டம், 20 ஜூலை 2020 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. அதன் ஆறாம் அத்தியாயம் குறையுள்ள பொருளால் நேரும் தீங்குக்குத் தயாரிப்பாளர், விற்பனையாளர், சேவை வழங்குநர் ஆகியோரின் பொறுப்பைப் பற்றியது. 84ஆம் பிரிவின்படி, தயாரிப்பில் குறை இருந்தாலும், வடிவமைப்பிலேயே குறை இருந்தாலும், நிர்ணயித்த தயாரிப்பு அளவுகளிலிருந்து விலகியிருந்தாலும், கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாக இருந்தாலும், போதிய எச்சரிக்கையோ பயன்பாட்டுக் குறிப்போ இல்லாமல் விற்றிருந்தாலும் தயாரிப்பாளர் பொறுப்பாவார். இவற்றில் ஒன்று இருந்தது, அதனால்தான் தீங்கு நேர்ந்தது என்ற இரண்டையும் நீங்கள் நிறுவ வேண்டும். தொழிற்சாலையில் யார் அலட்சியமாக இருந்தார்கள் என்று நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. வண்டி கணவர் பெயரில் இருப்பதும் தடையல்ல. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரையும் நுகர்வோர் என்றே சட்டம் கருதுகிறது.

இனி, அந்த ரீகால் அறிவிப்பு உங்கள் வழக்கில் எவ்வளவு எடை பெறும் என்று பார்ப்போம். இதற்கு அறிவிப்பின் வாசகத்தைத்தான் உற்றுப் படிக்க வேண்டும். 2022 மார்ச் மாதம் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கோடையில் நாட்டின் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் எரிந்ததைத் தொடர்ந்து நிறுவனங்கள் அடுத்தடுத்து ரீகால் அறிவித்தன. ஓலா நிறுவனம் 1,441 வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது, குறிப்பிட்ட பேட்ச் வண்டிகளை முன்னெச்சரிக்கையாகப் பரிசோதிக்கப்போவதாகச் சொன்னது. இன்ன குறை என்று சொல்லவில்லை. ஒகினாவா நிறுவனம் 3,215 வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது, பேட்டரியில் தளர்ந்த இணைப்புகளோ சேதமோ இருக்கின்றனவா என்று பார்ப்பதாகச் சொன்னது. இரண்டு அறிவிப்புகளையும் வழக்குக் கட்டில் வைத்தால் ஒரே எடை இருக்காது. முதலாவது, இந்த பேட்சைப் பற்றி நிறுவனத்துக்கே ஐயம் இருந்தது என்பதைக் காட்டும். இரண்டாவது, ஐயம் எந்த இடத்தில் என்பதையும் காட்டும். ஆனால் குறிப்பிட்ட ஒரு வீட்டில், குறிப்பிட்ட ஒரு பேட்டரி எரிந்ததற்கு அதுவே காரணம் என்று இரண்டுமே சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது காயம்பட்டவரின் வேலை.

ஆகவே உங்களுக்கு வந்த அறிவிப்பு எதுவாக இருந்தாலும், குறுஞ்செய்தி, மின்னஞ்சல், ஷோரூமில் ஒட்டிய தாள், அவற்றை வந்த வடிவிலேயே பாதுகாத்து வையுங்கள். குறையின் பெயர் சொல்லப்பட்டிருக்கிறதா, எந்தத் தேதிக்குள் தயாரான வண்டிகள், எந்த சேசிஸ் எண்கள் என்று பாருங்கள். பிறகு, எரிந்த பேட்டரியின் வரிசை எண் உங்கள் ரசீதிலோ உத்தரவாத அட்டையிலோ இருக்கிறதா என்று தேடுங்கள். வண்டி ரீகால் பட்டியலில் இருந்தும், இடையில் சர்வீஸில் பேட்டரியை மாற்றியிருந்தால், எரிந்தது வேறு பேட்ச் பேட்டரி என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு.

இணையத்தில் படித்துவிட்டுச் சிலர், விபத்துக்குப் பிறகு செய்த ரீகாலைச் சாட்சியமாகக் காட்டவே முடியாதாமே என்று கேட்பதுண்டு. அது அமெரிக்காவின் கூட்டாட்சிச் சாட்சிய விதி 407ஐப் பற்றிய பேச்சு. பின்னால் செய்த சீர்திருத்தத்தைக் கொண்டு குறையையோ அலட்சியத்தையோ நிறுவ அந்த விதி பொதுவாக அனுமதிப்பதில்லை. நம் சாட்சியச் சட்டத்தில் அப்படியொரு தடை விதி எழுதப்படவில்லை. நுகர்வோர் ஆணையங்களும் சுருக்கமான விசாரணை முறையில், பிரமாணப் பத்திரங்களையும் ஆவணங்களையும் கொண்டு முடிவெடுப்பவை. உங்கள் அறிவிப்பைத் தாராளமாகத் தாக்கல் செய்யலாம்.

ரீகால் என்ற ஒன்றே இல்லாமல் வென்ற வழக்கு ஒன்றையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. 2015இல் வாங்கிய ஹூண்டாய் கார் ஒன்று 2017இல் விபத்துக்குள்ளானபோது முன்பக்கக் காற்றுப்பைகள் விரியாததால் உரிமையாளர் காயமடைந்தார். எவ்வளவு வேகத்தில், எவ்வளவு விசையோடு மோதினால் காற்றுப்பை விரியும் என்பதை நுகர்வோர் நிறுவவில்லை என்று நிறுவனம் வாதிட்டது. நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி, 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டையும் மாற்று வாகனம் தரும் உத்தரவையும் உறுதிசெய்தது. நடந்த நிகழ்வே குறையைப் பேசும் என்ற கோட்பாட்டை அங்கே ஏற்றார்கள். சார்ஜ் போட்ட பேட்டரி வீட்டுக்குள் வெடிப்பது இயல்பான பயன்பாட்டில் நடக்கக்கூடாத ஒன்று. உங்கள் வழக்கிலும் இந்தக் கோட்பாட்டை முதன்மையாக வைத்து, ரீகாலை அதற்குத் துணையாக வைப்பதே சரி என்பது என் கருத்து. ரீகாலை மட்டும் நம்பி நிற்கிற வழக்கு, முன்னெச்சரிக்கைக்காகத்தான் செய்தோம் என்ற ஒரு பதிலில் ஆட்டம் கண்டுவிடும்.

எனக்குக் கவலை தருவது, அவர்கள் எடுத்துப்போன பேட்டரி. உங்கள் வழக்கின் மிக முக்கியமான சாட்சிப் பொருள் 14 மாதங்களாக எதிராளியின் கையில் இருக்கிறது. அந்தத் துண்டுச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். தேதி, எடுத்தவரின் பெயர், முத்திரை, பேட்டரி எண் ஆகியவற்றில் எது இருந்தாலும் அதற்கு மதிப்புண்டு. இந்த வாரமே வழக்கறிஞர் ஒருவர் மூலம் நிறுவனத்துக்கும் விற்பனையாளருக்கும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். எரிந்த பேட்டரியைப் பிரிக்காமல், அழிக்காமல், பிறருக்குத் தராமல் வைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே பிரித்திருந்தால் ஆய்வறிக்கையையும் புகைப்படங்களையும் மிச்சப் பாகங்களையும் தர வேண்டும். பேட்டரி மேலாண்மை அமைப்பில் பதிவான வெப்பநிலை, மின்னழுத்தம், சார்ஜ் விவரங்களையும் தங்கள் சர்வரில் உள்ள பதிவுகளையும் பாதுகாக்க வேண்டும் என்று அதில் தெளிவாகக் கேட்க வேண்டும். நோட்டீஸுக்குப் பிறகும் பேட்டரி காணாமல் போனால் அது உங்களுக்குச் சாதகமாகத் திரும்பலாம். கையிலிருக்கும் சாட்சியத்தைக் காட்டாமல் மறைப்பவருக்கு அது பாதகமாக இருந்திருக்கும் என்று அனுமானிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவில் இருந்த இவ்விதி இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 119ஆம் பிரிவில் இருக்கிறது.

புகார் தாக்கல் செய்யும்போதே, பேட்டரியையும் ரீகால் தொடர்பான கோப்புகளையும் நுகர்வோர் ஆணையத்தின் முன் கொண்டுவர உத்தரவிடும்படி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவின் கீழ்த் தனி மனு போடுங்கள். ஆவணங்களையும் பொருள்களையும் வரவழைக்க ஆணையத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் இருக்கிறது. பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி, 45 நாள்களில் அறிக்கை கேட்கவும் அதே பிரிவு வழி செய்கிறது; ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ரீகால் கோப்பில் நான் முதலில் தேடுவது தேதிகளைத்தான். உங்கள் வீட்டில் தீப்பிடிப்பதற்கு முன்பே இதே பேட்ச் பற்றி நிறுவனத்துக்கு எத்தனை புகார்கள் வந்திருந்தன, அவற்றைப் பெற்ற பிறகும் எத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தார்கள் என்பது தெரிந்தால், எச்சரிக்கத் தவறியது என்ற தனிக் காரணமும் உங்களுக்குக் கிடைக்கும். 110அ பிரிவின்படி நிறுவனம் அரசுக்குக் கொடுத்த தகவலை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்டுப் பாருங்கள். பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 தரநிலையின் கடுமையாக்கப்பட்ட விதிகள் 1 டிசம்பர் 2022, 31 மார்ச் 2023 ஆகிய நாள்களில் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. உங்கள் வண்டி அதற்குப் பிறகு தயாரானது என்றால், அந்த பேட்டரிக்குப் பெற்ற ஒப்புதல் சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

உங்களிடம் இருக்கும் சார்ஜரைத் துடைக்காதீர்கள், யாரிடமும் பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள். நிறுவனம் முதலில் சொல்லப்போவது, வேறு சார்ஜர் பயன்படுத்தினீர்கள், தரமற்ற எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டீர்கள், இரவு முழுதும் விட்டுவிட்டீர்கள் என்பதாகத்தான் இருக்கும். வண்டியோடு வந்த சார்ஜர்தான் அது என்பதை அதன் மேலுள்ள எண்ணே சொல்லும். சுவிட்ச் போர்டையும் தரையிலும் சுவரிலும் உள்ள கருகல் தடத்தையும் படம் எடுத்து வையுங்கள். வெள்ளையடித்துவிட்டீர்கள் என்றால் அப்போது அக்கம்பக்கத்தார் எடுத்த படங்களைக் கேளுங்கள். கைபேசியில் வண்டியின் ஆப் இருந்தால் அதை நீக்காமல், சார்ஜ் விவரங்கள் தெரியும் பக்கங்களைப் படமாகச் சேமியுங்கள். கையேட்டில் இரவில் சார்ஜ் போடக் கூடாது என்றோ, வீட்டுக்குள் போடக் கூடாது என்றோ எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். எழுதவில்லை என்றால் அந்தக் கையேடே உங்கள் சாட்சி. தீயணைப்பு நிலையத்திலிருந்து தீ விபத்து அறிக்கை, காவல் நிலையத்தில் கொடுத்த மனு ரசீது, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல் ஆகிய மூன்றையும் சான்றிட்ட நகலாக வாங்கிவிடுங்கள்.

படிவத்துக்கு வருகிறேன். இத்தகைய படிவங்களில் பெரும்பாலும் கடைசிப் பத்தியில், இத்துடன் என் எல்லாக் கோரிக்கைகளும் முழுமையாகத் தீர்ந்தன, இனி எவ்விதக் கோரிக்கையும் எழுப்பமாட்டேன் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கும். ஏமாற்றியோ நெருக்கடியிலோ கையெழுத்து வாங்கினார்கள் என்று பிறகு நிறுவ முடிந்தால் அதிலிருந்து விடுபட வழியுண்டு. ஆனால் படித்த ஆசிரியை ஒருவர் அப்படிச் சொன்னால் ஆணையம் எளிதில் ஏற்காது. அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, உங்கள் கையாலேயே இப்படி எழுதுங்கள்: "ரீகால் திட்டத்தின் கீழ் மாற்று பேட்டரியை மட்டும் பெற்றுக்கொண்டேன். தீ விபத்தில் எனக்கு ஏற்பட்ட காயத்துக்கும் வீட்டுப் பொருள் சேதத்துக்கும் இழப்பீடு கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை." நிறுவனம் இதை ஏற்று நகல் கொடுத்தால் பேட்டரியை வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்க மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள், பேட்டரியை விட்டுவிடுங்கள். காயம்பட்டவர் உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் மாற்று பேட்டரி என்று 110அ பிரிவில் எங்கும் நிபந்தனை இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: காயம் எதுவும் இல்லாமல் ரீகால் அறிவிப்பு மட்டும் வந்திருந்தால் தயங்காமல் வண்டியைக் கொண்டுபோய்ச் சரிசெய்யுங்கள். எச்சரிக்கை கையில் கிடைத்த பிறகும் அப்படியே ஓட்டி விபத்து நேர்ந்தால், தெரிந்தே செய்தீர்கள் என்ற வாதம் இழப்பீட்டைப் பெரிதும் குறைத்துவிடும். உங்கள் விபத்து அறிவிப்புக்கு முன்னால் நடந்தது என்பதால் அந்த வாதம் உங்களிடம் செல்லாது.

புகார் தாக்கல் செய்வதற்கான காலக்கெடு இரண்டு ஆண்டுகள் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவு. அதை விபத்து நடந்த நாளிலிருந்து கணக்கிடுங்கள், ரீகால் அறிவித்த நாளிலிருந்து கணக்கிடாதீர்கள். குறை அறிவிப்பு வந்தபோதுதான் தெரிந்தது என்று வாதிடலாம். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பத்து மாதங்கள் கையில் இருக்கும்போது அந்த வாதங்களை நம்பிக் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் மாதக்கணக்கில் இழுத்தடித்தாலும் கெடு நிற்காமல் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எதிர்மனுதாரர்களாக நிறுவனத்தையும் விற்பனையாளரையும் சேருங்கள். பேட்டரியை வேறு நிறுவனம் செய்தது, செல்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவை என்று சொல்லி வண்டி நிறுவனம் ஒதுங்க முடியாது. பிறர் செய்த பாகங்களைச் சேர்த்துத் தன் பெயரில் விற்பவரும் சட்டத்தின் பார்வையில் தயாரிப்பாளரே. விற்பனையாளரின் பொறுப்பு இதைவிடக் குறுகியது. பரிசோதிப்பதிலும் பராமரிப்பதிலும் உரிய கவனம் காட்டாதது, தயாரிப்பாளரின் எச்சரிக்கையை உங்களிடம் சேர்க்காதது போன்ற காரணங்கள் இருந்தால் 86ஆம் பிரிவு அவரையும் பிடிக்கும்.

இழப்பீடு கேட்பதில் பலரும் தவறவிடும் நுணுக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறாம் அத்தியாயத்தில் தீங்கு என்பது உடல் காயம், அதை ஒட்டிய மன வேதனை, பிற பொருள்களுக்கு நேர்ந்த சேதம் ஆகியவற்றைக் குறிக்கும். குறையுள்ள அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அதில் வராது. எனவே எரிந்த பேட்டரியின் விலையைக் குறையுள்ள பொருள் என்ற தலைப்பில் தனிக் கோரிக்கையாகவும், சிகிச்சைச் செலவு, இனி தேவைப்படும் அறுவை சிகிச்சை, பிசியோதெரபி, மருத்துவ விடுப்பால் இழந்தவை, வேதனை, முன்னறையில் எரிந்த சாமான்கள் ஆகியவற்றைத் தீங்கு என்ற தலைப்பிலும் பிரித்து எழுதுங்கள். விரல்களின் இயக்கக் குறைவை அளந்து சதவிகிதத்தில் சொல்லும் சான்றிதழை அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவிடம் வாங்குங்கள். கரும்பலகையில் எழுதச் சிரமம் என்று நீங்கள் எனக்கு எழுதியதைப் பிரமாணப் பத்திரத்திலும் அப்படியே எழுதுங்கள்; தலைமையாசிரியர் அதை உறுதிசெய்து ஒரு கடிதம் தந்தால் இன்னும் நல்லது.

புகாரை உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்தில் வழக்குப் போட 34ஆம் பிரிவு இடம் தருகிறது. அதிகார வரம்பும் கட்டணமும் நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்தே கணக்கிடப்படுகின்றன. விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம், ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. ஆகவே ஸ்கூட்டரின் விலையைவிடப் பல மடங்கு இழப்பீடு கேட்டாலும் நீங்கள் கட்டணம் கட்ட வேண்டியிருக்காது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமலும் வாதாடலாம் என்றாலும், பேட்டரியை வரவழைக்கும் மனுவும் ஆய்வகக் கேள்விகளும் இருப்பதால் இந்த வழக்குக்கு ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். முதல் சந்திப்புக்குப் போகும்போது துண்டுச் சீட்டு, ரசீது, ஆர்.சி. நகல், ரீகால் செய்தி, கையெழுத்திடாத அந்தப் படிவம், மருத்துவமனையிலிருந்து வெளியேறியபோது தந்த சிகிச்சைச் சுருக்கம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பேட்டரியைப் பாதுகாக்கச் சொல்லும் நோட்டீஸ் அன்றைக்கே தபாலில் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.